ஒரு குடும்பம், மூன்று பெயர்: படையெறும்புகளின் பெயர்ப்பதிவு வரலாறு



மலாய்மொழியில் பாகான் என்றால் படகுத்துறை. நக்கோடா என்றால் மரக்கலத் தலைவன். பாகான் நக்கோடா ஓமார் என்னும் எங்கள் சிற்றூர் சபாக் பெர்ணம் மாவட்டத்தில், மலாக்கா நீரிணையின் கரையோரம் உள்ளது. ஊரைச் சுற்றித் தென்னையும் செம்பனையும் நிற்கின்றன. செம்பனைக் குலை வெட்டிய குடும்பங்களின் பிள்ளைகளுக்கு எறும்பைப் பற்றி நாம் சொல்லிக் கொடுக்க வேண்டியது குறைவு. கெரெங்கா என்று மலாய்க்காரர் சொல்லும் முசுறு எப்படிக் கடிக்கும், எந்த மரத்தில் இலைகளை ஒட்டிக் கூடு கட்டும் என்பதெல்லாம் அவர்களுக்கு அத்துப்படி. ஆயினும் அவர்களும் பார்த்திராத ஓர் எறும்பு நம் காலடி மண்ணுக்குள்ளேயே வாழ்கிறது.

அதைக் காண்பதற்காக ஐந்தாம் ஆண்டு மாணவர்களோடு ஒரு சோதனை செய்தேன். மூடியுள்ள பிளாஸ்டிக் டப்பா ஒன்றில் சுற்றிலும் சிறு துளைகள் இட்டோம். தோட்டத்து மண்ணோடு சமையலறைச் செம்பனை எண்ணெயைக் கலந்து அதில் நிரப்பினோம். பள்ளித் தோட்டத்தில் ஒரு சாண் ஆழத்தில் புதைத்து, இரண்டு நாளுக்கு ஒருமுறை எடுத்துப் பார்த்தோம். முதல் வாரம் ஒன்றும் இல்லை. பதினோராம் நாள் டப்பாவைத் திறந்தபோது மண் முழுவதும் செம்பழுப்பு நிறத்தில் நெளிந்துகொண்டிருந்தது. கடுகளவு சிறியனவும் அரிசியளவு பெரியனவும் கலந்திருந்தன. உருப்பெருக்குக் கண்ணாடியில் பார்த்த மாணவி ஒருத்தி, "டீச்சர், இதுக்குக் கண்ணே இல்ல!" என்று கத்தினாள்.

அதற்குள் இன்னொரு மாணவன் பெரியவற்றை ஒரு புட்டியிலும் சிறியவற்றை வேறொரு புட்டியிலும் பிரித்துப் போட்டு, 'பெரிய தலையன்', 'சின்னத் தலையன்' என்று தாளில் எழுதி ஒட்டிவிட்டான். இரண்டும் வேறு வேறு இனம் என்பது அவன் முடிவு. நான் அவனைத் திருத்தவில்லை. ஐரோப்பாவின் பெரிய இயற்கையியல் அறிஞர்களும் இதே எறும்புக் குலத்தை இப்படித்தான் பிரித்துப் பிரித்து எழுதி வைத்தார்கள். அந்தப் பிழையை நேராக்க நூறாண்டுக்கு மேல் ஆனது. அந்த வரலாற்றைத்தான் அன்று வகுப்பில் கூறினேன். அதையே இங்கு விரிவாக எழுதுகிறேன். என் சொந்த வாழ்வில் நான் செய்த ஒரு பிழையும் இதனோடு சேர்ந்தது. அதை இறுதியில் சொல்கிறேன்.

படையெறும்பு என்பது எது?

சாரை சாரையாகப் போகும் எறும்பெல்லாம் படையெறும்பு ஆகிவிடாது. நம் வீட்டுச் சர்க்கரை டப்பாவைத் தேடி வரும் எறும்பும் வரிசையில்தான் வருகிறது. அங்கே ஓர் எறும்பு தனியே சென்று உணவைக் கண்டுபிடித்து, பிறகு மற்றவற்றை அழைத்து வருகிறது. படையெறும்பில் தனி ஒற்றர் இல்லை. கூட்டமாகவே புறப்பட்டு, கூட்டமாகவே தேடி, கூட்டமாகவே இரையைப் பிடிக்கும். இது முதல் அடையாளம்.

இரண்டாவது, நிலையான வீடு இல்லாமை. அரசி, முட்டை, புழு ஆகியவற்றோடு கூட்டம் முழுவதும் இடம்விட்டு இடம் பெயரும். மூன்றாவது, அரசியின் உடலமைப்பு. மற்ற எறும்பினங்கள் பலவற்றில் இளம் அரசி சிறகோடு பறந்து சென்று புதுக் கூடு தொடங்குவாள். படையெறும்பின் அரசிக்குச் சிறகே கிடையாது. பருத்த வயிறு கொண்ட அவள் முட்டையிடுவதற்கென்றே அமைந்தவள். புதிய குடி தோன்ற வேண்டுமானால் பழைய கூட்டம் இரண்டாகப் பிரிந்து நடக்க வேண்டும். இம்மூன்றும் சேர்ந்திருந்தால்தான் அறிஞர்கள் படையெறும்பு என்பர்.

அமெரிக்கக் கண்டத்தின் வெப்பக் காடுகளில் எசிடன் என்னும் இனமும், ஆப்பிரிக்காவிலும் ஆசியாவிலும் டோரைலஸ், ஏனிக்டஸ் என்னும் இனங்களும் இவற்றுள் பெயர் பெற்றவை. எங்கள் டப்பாவில் வந்தவை, கண்ணில்லாமையையும் நிறத்தையும் வந்த விதத்தையும் கொண்டு பார்க்கும்போது, டோரைலஸ் லேவிகேட்டஸ் என்றே கருதுகிறேன். தென்கிழக்காசியாவில் பரவலாக உள்ள நிலத்தடிப் படையெறும்பு அது.

குளவி என்று பதிவான ஆண்

வகைப்பாட்டியலின் தந்தை எனப்படும் லின்னேயஸ், ஸ்வீடன் அரசி லூயிசா உல்ரிக்காவின் சேகரிப்பில் இருந்த பூச்சிகளை ஆராய்ந்து 1764-ஆம் ஆண்டில் ஒரு நூல் வெளியிட்டார். தென்னாப்பிரிக்காவிலிருந்து வந்த ஒரு பூச்சி அதில் இடம்பெற்றது. நீண்ட பருத்த வயிறு, நான்கு சிறகுகள், பெரிய கண்கள். அதை அவர் குளவி இனத்தில் சேர்த்து வெஸ்பா ஹெல்வோலா என்று பெயரிட்டார். உண்மையில் அது ஒரு படையெறும்பின் ஆண்.

இதில் லின்னேயஸைக் குறை கூற இயலாது. அவர் கையில் இருந்தது ஊசியில் குத்திய ஒற்றைப் பூச்சி. அதன் அரசியையோ தொழிலாளிகளையோ அவர் கண்டதில்லை. இந்த ஆண் பூச்சிகள் இரவில் விளக்கொளியை நாடி வருபவை. ஆதலால் சேகரிப்போர் கையில் தனியாகவே சிக்கின. ஆப்பிரிக்காவில் இவற்றைத் தொத்திறைச்சி ஈ என்று கூறும் வழக்கமும் உண்டு. எறும்பென்று யாருக்கும் தோன்றாத உருவம் அது.

1793-ஆம் ஆண்டில் லின்னேயஸின் மாணவர் ஃபாப்ரிசியஸ் இத்தகைய பூச்சிகளுக்கு டோரைலஸ் என்ற தனி இனத்தை ஏற்படுத்தினார். மறுபுறம், மண்ணுக்குள் வாழும் கண்ணில்லாத தொழிலாளி எறும்புகள் வேறு சேகரிப்பாளர்கள் வழியாக ஐரோப்பாவுக்கு வந்துகொண்டிருந்தன. 1839-ஆம் ஆண்டில் வெஸ்ட்வுட் என்னும் ஆங்கிலேயர் அவற்றுக்கு டைஃப்லோபோனே என்று பெயரிட்டார். அந்தப் பெயரின் முற்பகுதி குருடு என்னும் பொருளுள்ள கிரேக்கச் சொல். ஆக, கண்ணும் சிறகும் உள்ள ஆண் ஒரு பெட்டியில். கண்ணில்லாத தொழிலாளி வேறொரு பெட்டியில். இரண்டும் ஒரே கூட்டத்தின் பிள்ளைகள் என்பதை அறிய வழியில்லை.

1840-ஆம் ஆண்டில் ஷுக்கார்ட் என்பவர் இவ்வாண் பூச்சிகளைப் பற்றி விரிவான ஆய்வேடு எழுதி, அவற்றை எறும்புகளின் பக்கம் கொண்டுவந்தார். அவ்வாய்வேட்டிலேயே ஏனிக்டஸ் என்ற மற்றோர் இனத்தையும் ஆண் பூச்சியை மட்டும் வைத்து ஏற்படுத்தினார். ஏனிக்டஸ் என்றால் புதிரானது என்று பொருள். அதன் முதல் சிற்றினத்துக்கு அவர் சூட்டிய அம்பிகூஸ் என்ற பெயருக்கு ஐயத்திற்குரியது என்று பொருள். தமக்கு முழுமையாக விளங்கவில்லை என்பதைப் பெயரிலேயே ஒப்புக்கொண்ட நேர்மை அது.

முடிச்சை அவிழ்த்தவர் அருங்காட்சியகத்தில் அமர்ந்திருந்தவர் அல்லர். தாமஸ் சாவேஜ் என்னும் அமெரிக்கர் மேற்கு ஆப்பிரிக்காவில் சமயப் பணியும் மருத்துவமும் செய்தவர். அங்குள்ள படையெறும்புகள் அவர் வாழ்ந்த பகுதியின் வீடுகளுக்குள்ளேயே புகுந்து வேட்டையாடின. அவற்றை நாட்கணக்கில் கவனித்து 1847, 1849 ஆகிய ஆண்டுகளில் இரு கட்டுரைகள் எழுதினார். தொழிலாளி எறும்புகளின் அணிவகுப்புக்கு நடுவில் டோரைலஸ் ஆண் இருப்பதை அவர் கண்டார். சிறகை இழந்த ஆணைத் தொழிலாளிகள் தம்மோடு நடத்திச் சென்றன. குளவி எனப்பட்டவன் அந்த வீட்டு மாப்பிள்ளை என்பது தெரிந்தது. லின்னேயஸ் பெயரிட்ட 1764 முதல் இந்த 1849 வரை கணக்கிட்டால் 85 ஆண்டுகள்.

சரவாக்கிலிருந்து சென்ற பெட்டி

இனி நம் நாட்டுக்கு வருவோம். ஆல்ஃபிரட் ரஸ்ஸல் வாலஸ் 1854-ஆம் ஆண்டில் சிங்கப்பூரில் வந்திறங்கி, மலாக்கா, ஓஃபிர் மலை, சரவாக் ஆகிய இடங்களில் உயிரினங்களைச் சேகரித்தார். அவர் அனுப்பிய குளவி, தேனீ, எறும்பு ஆகியவற்றை லண்டன் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தைச் சேர்ந்த ஃபிரெடரிக் ஸ்மித் ஆராய்ந்து 1857-ஆம் ஆண்டில் பட்டியலிட்டார்.

அப்பட்டியலில் சரவாக்கின் கண்ணற்ற தொழிலாளி எறும்புகள் இரண்டு உண்டு. ஒன்றுக்கு டைஃப்லோபோனே லேவிகேட்டா என்று பெயரிட்டார். எங்கள் டப்பாவில் வந்த எறும்பு இதுவே. மற்றொன்றுக்கு டைஃப்லாட்டா என்ற புதிய இனப் பெயரைச் சூட்டி, டைஃப்லாட்டா லேவிசெப்ஸ் என எழுதினார்.

ஆறு ஆண்டுகள் கழித்து, 1863-இல், ஜெர்மானியரான கெர்ஸ்டேக்கர் ஜாவாவிலிருந்து கிடைத்த வினோதமான ஒரு பெண் பூச்சியை விவரித்தார். சிறகில்லை, கண்ணில்லை, வயிறோ மிக நீளம். டிக்தாடியா கிளாபெரிமா என்ற புதுப்பெயரில் அது பதிவாயிற்று. பின்னர் தெரிந்தது என்ன? ஸ்மித் பெயரிட்ட அந்தச் சரவாக் தொழிலாளியினத்தின் அரசிதான் அவள்! இப்படியாக டோரைலஸ் குலத்தில் ஆணுக்கு ஒரு பெயர், தொழிலாளிக்கு ஒரு பெயர், அரசிக்கு ஒரு பெயர் என மூன்று பெயர்கள் ஏட்டில் நின்றன.

ஏனிக்டஸின் புதிர் அவிழ்ந்தது இந்தியாவில். பம்பாய் மாகாணத்தில் வனத்துறை அதிகாரியாக இருந்த ரோட்டன் என்பவர் எறும்புகளில் ஆழ்ந்த ஈடுபாடு உள்ளவர். ஷுக்கார்டின் ஏனிக்டஸ் ஆணும் ஸ்மித்தின் டைஃப்லாட்டா தொழிலாளியும் ஒன்றே என்பது அவர் கண்டுபிடிப்பு. சுவிட்சர்லாந்து அறிஞர் ஃபொரேல் 1890-ஆம் ஆண்டில் வெளியிட்ட கட்டுரையின் தலைப்பிலேயே இதை ரோட்டனின் கண்டுபிடிப்பு என்று அறிவித்தார். மாதிரிகளைப் பெற்று ஆராய்ந்தவர் களத்தில் நின்றவருக்கு உரிய பெருமையை அளித்த இச்செயலை மாணவர்களிடம் நான் தவறாமல் குறிப்பிடுவேன். 1895-ஆம் ஆண்டில் இத்தாலியரான எமெரி டோரைலஸ் இனம் முழுவதையும் சீர்ப்படுத்தி எழுதினார். சிதறிக் கிடந்த குடும்பம் ஒரு கூரையின்கீழ் வந்தது.

ஏன் நடக்கின்றன?

யார் யாருக்கு உறவு என்பது ஒருவாறு தெளிந்ததும், அவை எப்படி வாழ்கின்றன என்ற கேள்வி முன்னுக்கு வந்தது. இதில் பெரும்பணி செய்தவர் அமெரிக்க உளவியலாளர் ஷ்னேர்லா. 1930-களின் தொடக்கத்திலிருந்து பனாமாவின் பாரோ கொலராடோ தீவில் எசிடன் எறும்புகளை அவர் பல ஆண்டுகள் பின்தொடர்ந்தார்.

இரை தீர்ந்துபோவதால்தான் படையெறும்புகள் இடம்பெயர்கின்றன என்று அதுவரை எண்ணியிருந்தனர். ஷ்னேர்லா கண்டது வேறு. எசிடன் கூட்டம் ஏறத்தாழ 15 நாள் இரவுதோறும் இடம்பெயரும். பிறகு ஏறத்தாழ 20 நாள் ஒரே இடத்தில் தங்கும். இந்தச் சுழற்சியை நடத்துபவை புழுக்கள். புழுக்கள் வளரும் காலத்தில் அவற்றின் பசியும் அசைவும் தொழிலாளிகளைத் தூண்டுகின்றன, கூட்டம் நடக்கிறது. புழுக்கள் கூட்டுப்புழுக்களாகி அடங்கியதும் கூட்டமும் அடங்குகிறது. அந்த ஓய்வுக் காலத்தில் அரசி இலட்சத்துக்கு மேற்பட்ட முட்டைகளை இடுகிறாள். முட்டை பொரிந்து புதிய புழுக்கள் நெளியத் தொடங்கும் வேளையில், முன்பிருந்த கூட்டுப்புழுக்களும் எறும்புகளாக வெளிவருகின்றன. மறுபடி பயணம். 1960-களில் பிலிப்பைன்ஸில் ஏனிக்டஸ் எறும்புகளிடமும் இவ்வாறான சுழற்சியை ஷ்னேர்லாவும் ரெயெஸும் பதிவு செய்தனர்.

பிள்ளைகளின் பசிக்காகக் குடும்பமே இடம்பெயர்வது நம் தோட்ட மக்களுக்குப் புதிய செய்தி அன்று.

கண்ணில்லாத எறும்பு வழியறிவது மணத்தால். முன்னே சென்ற எறும்பு விட்ட மணத்தின்மேல் பின்னே வரும் எறும்பு நடக்கிறது. இதில் ஓர் ஆபத்தும் உண்டு. தலைப்பகுதி தற்செயலாகத் திரும்பித் தன் வாலையே சந்தித்துவிட்டால் கூட்டம் வட்டமாகச் சுற்றத் தொடங்கிவிடும். 1921-ஆம் ஆண்டில் வெளிவந்த நூலில் வில்லியம் பீபி கயானாவில் தாம் கண்ட அத்தகைய வட்டத்தை விவரித்தார். அதன் சுற்றளவு ஏறத்தாழ 1,200 அடி. ஓர் எறும்பு ஒரு சுற்றை முடிக்க இரண்டரை மணி நேரம் ஆனதாம். பல எறும்புகள் நடந்தே மாண்டன. 1944-இல் ஷ்னேர்லாவும் இதுபோன்ற ஒரு நிகழ்வை ஆராய்ந்து எழுதினார்.

செம்பனை எண்ணெய் திறந்த கதவு

எசிடன் தரையின்மேல் பகலில் வேட்டையாடும். எனவே பின்தொடர முடிந்தது. நம் டோரைலஸ் லேவிகேட்டஸ் மண்ணுக்குள் நடப்பது. 1857-இல் பெயர் பெற்ற அந்த எறும்பின் வாழ்க்கை ஒன்றரை நூற்றாண்டு அளவுக்கு இருட்டிலேயே இருந்தது. 2000-ஆம் ஆண்டில் வெய்ஸ்ஃப்ளோக், மாஷ்விட்ஸ், பெர்கோஃப் முதலிய ஜெர்மானிய ஆய்வாளர்கள் எளிய வழி ஒன்றை வெளியிட்டனர். துளையிட்ட வாளியில் மண்ணை நிரப்பி, செம்பனை எண்ணெய் ஊற்றிப் புதைப்பது! எங்கள் டப்பாச் சோதனை அதன் சிறு நகல்தான். நம் தோட்டங்களில் விளையும் பொருளே நம் மண்ணின் இரகசியத்தைத் திறந்தது என்பதில் எனக்குத் தனி மகிழ்ச்சி.

அதன்பின் ஸ்டெஃபானி பெர்கோஃப் சபாவில் இவ்வெறும்பை விரிவாக ஆராய்ந்தார். ஒரு கூட்டத்தில் சுமார் 3,25,000 எறும்புகள் இருக்கலாம் என்று மதிப்பிடப்பட்டது. வியப்பு என்னவெனில், பாடநூல் சொல்லும் படையெறும்பின் நடத்தையோடு இது முழுமையாகப் பொருந்தவில்லை. மண்ணுக்குள் நெடுநாள் நிலைத்திருக்கும் முதன்மைப் பாதைகளை அமைத்து, அவற்றிலிருந்து கிளைகள் விட்டு உணவைத் தேடுகிறது. பெரிய உணவு கிடைத்தால் ஒரே மூச்சில் சூறையாடி நகராமல், நெடுங்காலம் அங்கேயே எடுத்துக்கொண்டிருக்கிறது. இந்தியாவிலும் வங்கதேசத்திலும் உள்ள இதன் உறவான டோரைலஸ் ஓரியென்டாலிஸ் உருளைக்கிழங்கையும் கடலையையும் துளைத்துத் தின்று உழவர்க்கு நட்டம் விளைவிக்கிறது. படையெறும்பு என்றால் வேட்டை மட்டுமே என்ற எண்ணமும் இங்கே உடைகிறது.

இதற்கு நேர்மாறான எடுத்துக்காட்டும் நம் சிலாங்கூரிலேயே உண்டு. மலாயாப் பல்கலைக்கழகத்தின் உலு கோம்பாக் கள ஆய்வு மையத்துக் காட்டில், மாஷ்விட்ஸும் அவர் குழுவினரும் லெப்டோஜெனிஸ் என்னும் இனத்து எறும்பு ஒன்றைக் கவனித்து 1989-இல் எழுதினர். அது இரவில் கூட்டமாக வேட்டையாடுகிறது. அடிக்கடி கூட்டை மாற்றுகிறது. அதன் அரசிக்குச் சிறகில்லை. செயலில் படையெறும்பேதான். ஆனால், பிறப்பால் டோரைலஸ் குலத்துக்குத் தொடர்பில்லாத வேறொரு துணைக்குடும்பத்தைச் சேர்ந்தது. அதன் இந்திய உறவினர் ஒன்றைச் சென்னை மாகாணத்தில் பணியாற்றிய மருத்துவர் ஜெர்டன் 1851-ஆம் ஆண்டிலேயே பெயரிட்டிருக்கிறார். ஊர்வலம் போவது என்னும் பொருளில் புரோசெஷனாலிஸ் என்று அவர் வைத்த பெயரே அதன் வழக்கத்தைச் சொல்லும்.

ஆக, வகைப்படுத்துவோர் இரண்டு விதமாக ஏமாறலாம். தோற்றம் வேறு என்பதால் உடன்பிறப்புகளைப் பிரித்துவிடலாம். தொழில் ஒன்று என்பதால் உறவில்லாதவற்றை ஒன்றாக்கிவிடலாம்.

இன்னும் முடியாத கணக்கு

எமெரியோடு கதை முடிந்துவிடவில்லை. அமெரிக்கக் கண்டத்துப் படையெறும்புகளும் ஆப்பிரிக்க, ஆசியப் படையெறும்புகளும் ஒரே மூதாதையிடமிருந்து வந்தவையா, தனித்தனியே தோன்றியவையா என்பது இருபதாம் நூற்றாண்டில் பெரும் விவாதமாக இருந்தது. தனித்தனியே என்ற கருத்தே மேலோங்கியிருந்தது. 2003-ஆம் ஆண்டில் ஷான் பிராடி மரபணுக்களை ஒப்பிட்டு, பத்துக் கோடி ஆண்டுகளுக்கு முன்னர் ஒரே முறை தோன்றியவை என்று வாதிட்டார். 2014-ஆம் ஆண்டில் பிராடியும் வேறு மூவரும் அதுவரை ஆறாக இருந்த துணைக்குடும்பங்களை டோரைலினே என்ற ஒரே துணைக்குடும்பமாக இணைத்தனர். 2016-இல் மாரெக் போரோவியெட்ஸ் அதன் இனங்களை முழுமையாக மறுசீரமைத்தார். அவரே 2019-ஆம் ஆண்டில் மிகுதியான மரபணுத் தரவுகளைக் கொண்டு, இரு உலகத்துப் படையெறும்புகளின் வாழ்முறையும் தனித்தனியே தோன்றியது என்ற முடிவுக்கு வந்தார். அவை அனைத்தும் ஒரே துணைக்குடும்பத்தினவே. படையாக நடக்கும் வழக்கம் மட்டும் இரு கிளைகளில் தனித்தனியே வளர்ந்திருக்கிறது.

பதிவேட்டைத் திருத்துவது அறிவியலுக்கு இழுக்கன்று. திருத்த மறுப்பதுதான் இழுக்கு.

நான் திருப்பி அனுப்பிய பாட்டி

ஆசிரியர் பயிற்சிக் கழகத்தை முடித்துப் பணியேற்ற தொடக்க ஆண்டுகளில், நான் வேலை செய்த பள்ளியொன்றில் முதலாம் ஆண்டு மாணவர் பதிவு என் பொறுப்பில் இருந்தது. ஒருநாள் வயதான அம்மையார் ஒருவர் பேரனின் கையைப் பிடித்துக்கொண்டு வந்தார். பையனின் தந்தை இறந்துவிட்டார். தாய் உடன் இல்லை. பாட்டிதான் காப்பாளர்.

ஒரு நெகிழிப் பையிலிருந்து மூன்று தாள்களை எடுத்து வைத்தார். பேரனின் பிறப்புப் பத்திரம், மகனின் இறப்புப் பத்திரம், தம்முடைய அடையாள அட்டையின் நகல். பிறப்புப் பத்திரத்தில் இருந்த தந்தையின் பெயரும் இறப்புப் பத்திரத்தில் இருந்த பெயரும் ஒத்துப்போகவில்லை. ஆங்கில எழுத்தில் எழுதும்போது ஒன்றில் இறுதி 'ம்' விடுபட்டிருந்தது. இன்னொன்றில் 'த' ஒலிக்கு வேறு எழுத்து. பாட்டியின் பெயரோ அவருடைய அட்டையில் ஒன்றும் மகனுடைய தாளில் வேறொன்றுமாக இருந்தது. வாயால் சொன்ன பெயரைக் கேட்டவர் கேட்டபடி எழுதிய காலத்துத் தாள்கள் அவை. தோட்டக் குடும்பங்களில் இது புதுமையன்று.

எனக்கு அது தெரியாமல் இல்லை. இருந்தும், "மூன்றும் வேறு வேறு பெயராக இருக்கிறது, பாட்டி. நீங்கள் ஒரே குடும்பம் என்பதற்கு என்ன ஆதாரம்?" என்று கேட்டேன். சரியான தாள்களோடு வரச் சொல்லி அனுப்பிவிட்டேன். அந்தச் சிறுவன் வெளியே போகும்போது வகுப்பறைச் சுவரில் ஒட்டியிருந்த படங்களைத் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனான். விதிப்படி நடந்துகொண்டேன் என்ற நிறைவு அன்று எனக்கு இருந்தது.

இரண்டு வாரம் கழித்து அவர் மறுபடி வந்தார். இம்முறை அவர்கள் வாழ்ந்த தோட்டத்தில் முன்பு கிராணியாராக இருந்தவரும் உடன் வந்திருந்தார். பேருந்தில் பட்டணத்துக்கு இருமுறை அலைந்து, சத்தியப் பிரமாணப் பத்திரமும் வாங்கி வைத்திருந்தார்கள். கிராணியார் என்னிடம், "டீச்சர், இவங்க லயத்துல மூணாவது வீடு. இவங்க மகன் பொறந்ததும் எனக்குத் தெரியும், செத்ததும் தெரியும்" என்றார். பாட்டி கோபப்படவில்லை. "பேரு மூணா இருந்தா என்ன டீச்சரம்மா, அடுப்பு ஒண்ணுதானே" என்று மட்டும் சொன்னார்.

அதற்குள் வகுப்புத் தொடங்கிப் பல நாள்களாகியிருந்தன. மற்ற பிள்ளைகள் ஒருவருக்கொருவர் நண்பர்களாகிவிட்டார்கள். அவன் கடைசி வரிசையில் தனியே அமர்ந்தான். அந்த ஆண்டு முழுவதும் அவன் அவ்விடத்தை விட்டு முன்னே வரவில்லை. அந்த இரண்டு வாரத்தை நான் அவனுக்குத் திருப்பித் தர இயலாது.

படையெறும்புகளின் வரலாற்றைப் பின்னாளில் படித்தபோது எனக்கு முதலில் நினைவு வந்தவர் அந்தக் கிராணியார்தான். லின்னேயஸும் வெஸ்ட்வுட்டும் தாளையும் ஊசியையும் பார்த்தார்கள். சாவேஜ் நடந்து போகும் குடும்பத்தைப் பார்த்தார். நானும் அன்று தாளைத்தான் பார்த்தேன். கிராணியார் குடும்பத்தைப் பார்த்திருந்தார். லின்னேயஸின் கையில் ஒற்றைப் பூச்சிதான் இருந்தது. என் முன்னால் பாட்டியும் பேரனும் கைகோத்து நின்றார்கள். ஆகவே அவருக்குள்ள மன்னிப்பு எனக்கு இல்லை.

பதிவுப் பொறுப்பில் உள்ள ஆசிரிய நண்பர்களே, பெயர் பொருந்தாத தாள் வந்தால் உடனே திருப்பி அனுப்பாதீர்கள். முதலில் உட்கார வைத்துப் பேசுங்கள். யார் யாரோடு வாழ்கிறார்கள், யாருக்கு இவர்களைத் தெரியும் என்று கேளுங்கள். விதியை மீற வேண்டியதில்லை. எந்தத் தாள் வேண்டும், எங்கே வாங்க வேண்டும் என்பதை ஒரு துண்டுத்தாளில் எழுதிக் கொடுத்தாலே ஓர் அலைச்சல் மிச்சமாகும். பிள்ளையை வகுப்பில் அமர்த்த வழி உண்டா என்று தலைமையாசிரியரிடம் அன்றே கேட்டுப் பாருங்கள். நான் கேட்கவில்லை.

பெற்றோர்களே, இன்றே வீட்டிலுள்ள பிறப்புப் பத்திரம், அடையாள அட்டை, திருமணப் பத்திரம் ஆகியவற்றை ஒரே மேசைமேல் வைத்து, பெயர்களை எழுத்தெழுத்தாக ஒப்பிட்டுப் பாருங்கள். வேறுபாடு தென்பட்டால், பிள்ளை பள்ளிக்குச் செல்லும் வயது வரும்வரை காத்திராமல் தேசியப் பதிவிலாகாவில் விசாரியுங்கள். பாட்டன் பாட்டி உயிரோடு இருக்கும்போதே செய்துவிடுவது நல்லது. சாட்சி சொல்லத் தெரிந்தவர்கள் அவர்கள்தாம்.

சோதனை நாளில் எறும்புகளைப் பிரித்து வைத்த மாணவனைப் பற்றிச் சொல்லி முடிக்கிறேன். கதையைக் கேட்ட பிறகு அவன் இரண்டு புட்டிகளையும் எடுத்துச் சென்று, எறும்புகளை ஒன்றாகவே தோட்டத்துக் குழியில் கொட்டினான். சிறிது நேரம் குனிந்து பார்த்தான். பெரியனவும் சிறியனவும் ஒன்றன்பின் ஒன்றாக ஒரே துளைக்குள் இறங்கின. "டீச்சர், எல்லாம் ஒரே வீட்டுக்குத்தான் போகுது" என்றான். பிறகு தன் பழைய தாளைக் கிழித்துவிட்டுப் புதிதாக ஒரே பெயரை எழுதினான்.